தொட்டிச் செடிக்கு ஒரு கணக்கு நோட்டு

செடியைக் கொல்வதற்குப் பூச்சி மருந்து வேண்டாம், ஆடு வேண்டாம், எதிர்வீட்டுப் பையனின் கிரிக்கெட் பந்தும் வேண்டாம். தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். போதும். இரண்டு மாசத்தில் காரியம் முடிந்துவிடும்.

வீட்டுக்குள் வைக்கிற இலைச்செடிகளைச் சொல்கிறேன். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், அக்லோனிமா, ஃபிலோடெண்ட்ரான்... பூ பறிக்க முடியாது, காய் கிடைக்காது, ரசத்துக்குக் கிள்ளிப் போடவும் முடியாது. இருந்தாலும் தில்லைநகர் ஃபிளாட், ஸ்ரீரங்கம் அடுக்குமாடி, கன்டோன்மென்ட் ஆபீஸ் மேஜை என்று எங்கே பார்த்தாலும் இப்போது அவைதான். ஆன்லைனில் தட்டினால் அட்டைப்பெட்டியில் சுருண்டுகொண்டு வந்து இறங்குகின்றன. கிரகப்பிரவேசமா? செடி. பிறந்தநாளா? செடி. 'இந்த வருஷத்தின் சிறந்த ஊழியர்' பரிசா? அதுவும் செடி! (இன்க்ரிமென்ட்டைவிடச் செடி மலிவு என்று மேனேஜ்மென்ட் கண்டுபிடித்துவிட்டது.)

வந்த செடி முதல் மாதம் சிரிக்கும். இரண்டாவது மாதம் முறைக்கும். மூன்றாவது மாதம் மஞ்சளாகித் தலையைத் தொங்கப் போடும்.

"என் கைராசி அப்படி சார். எது வச்சாலும் வர்றதில்லை" என்று நாமும் தலையைத் தொங்கப் போடுகிறோம்.

கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை. கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் படித்தது பி.காம். தாவரவியல் பாடம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் தொட்டிச் செடி விஷயத்தில் வரவு செலவு தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். எப்படி என்கிறீர்களா? ஒவ்வொரு செடிக்கும் மனசுக்குள் ஒரு கணக்கு நோட்டுப் போடுங்கள். வரவுப் பக்கத்தில் வெளிச்சம். செலவுப் பக்கத்தில் தண்ணீர். உரம் என்பது கடன்.

இலை தனக்கு வேண்டிய சர்க்கரையை வெளிச்சத்தை வைத்துத்தான் தயாரிக்கிறது. ஆகவே வெளிச்சம்தான் சம்பளம். நிறைய வெளிச்சம் வாங்குகிற செடி நிறைய வளரும், நிறையத் தண்ணீர் குடிக்கும். ஹாலின் மூலையில் டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிற செடி குறைந்த சம்பளக்காரர். கொஞ்சமாக வளரும், கொஞ்சமாகக் குடிக்கும். அந்தக் குடும்பத்தின் மேல் நாம் தினம் ஒரு சொம்புச் செலவை ஏற்றினால்? திவால்தான்.

திவாலாகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றினால் அந்தக் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர். வேர் மூச்சுத் திணறுகிறது, அழுகுகிறது. அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடுகிறது.

இங்கேதான் சிக்கல். தண்ணீர் இல்லாவிட்டாலும் செடி வாடும், தண்ணீர் மிஞ்சினாலும் வாடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "ஐயோ பாவம், வாடிப்போச்சே" என்று இன்னொரு சொம்பு!

எங்கள் தெருவில் மாடி போர்ஷனில் குடியிருக்கிற ஒரு தம்பி, பேங்கில் வேலை. சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம். அப்பா காலமான பிறகு ஊர் வீட்டை விற்க வேண்டி வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, திண்ணைத் தூணில் அப்பா ஏற்றிவிட்டிருந்த மணி பிளான்ட்டில் ஒரு முழத் தண்டை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். அந்த வீட்டிலிருந்து வந்ததில் உயிருள்ள பொருள் அது ஒன்றுதான்.

போன வருஷம் ஒருநாள் ராத்திரி தொட்டியும் கையுமாக வந்து நின்றான்.

"அண்ணே, இது போயிடும் போல இருக்குண்ணே. ஒருநாள்கூடத் தண்ணி ஊத்த மறந்ததில்லை."

"அதான்டா வியாதியே" என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? வாங்கிப் பார்த்தேன். தொட்டி கனத்தது. மண்ணில் சாக்கடை வாடை. கவிழ்த்து எடுத்தால் வேரெல்லாம் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்தது. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் செடியைப் பார்க்கவில்லை, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்படியே நிற்கட்டும், திரும்பி வருகிறேன். அதற்கு முன்னால் வரவுப் பக்கம் பார்த்துவிடலாம்.

பழைய ஸ்ரீரங்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் திண்ணை, பிறகு ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கொல்லை. ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு வழியே கிடையாது. ஆனாலும் கூடத்தில் பகலில் விளக்குப் போட மாட்டார்கள். நடுவில் இருந்த முற்றம் வானத்திலிருந்து நேரே வெளிச்சத்தைக் கறந்து கொடுத்தது. அந்த இடங்களில் ஃபிளாட் வந்த பிறகு முற்றத்துக்குப் பதிலாக ஷாஃப்ட். அதில் கழிவுநீர்க் குழாய்க்கே வெளிச்சம் போதவில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் துளசியும் பூவும் வளர்த்துப் பெருமாளுக்கு மாலை கட்டிய ஊர் இது. அவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நந்தவனத்துக்கு வானமே கூரை.

"எங்க வீட்டு ஹால் நல்ல வெளிச்சம் சார்" என்பீர்கள். அது உங்கள் கண் செய்கிற மோசடி! இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி கண் தன்னை மாற்றிக்கொள்ளும். இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற கணக்கில் அளக்கிறார்கள். மத்தியான வெயிலில் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ். ஜன்னலை ஒட்டி ஓராயிரம், இரண்டாயிரம். ஹாலின் உள்மூலையில் நூறு, இருநூறுகூடத் தேறாது. டியூப்லைட் போட்ட ஆபீஸில் மேஜை மேல் முந்நூறிலிருந்து ஐந்நூறு. வாசலில் லட்சம் ரூபாய்ச் சம்பளம், டி.வி. மூலையில் நூறு ரூபாய். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளிவைப்பது செடிக்கு எப்பேர்ப்பட்ட சம்பள வெட்டு என்று இப்போது புரிகிறதா?

காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த ஜாதி என்பதால்தான் இந்தச் செடிகள் வீட்டுக்குள் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் நிழல் வேறு, இருட்டு வேறு. நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடியாத இடத்தில் எந்தச் செடியையும் வைக்காதீர்கள். அங்கே பிளாஸ்டிக் செடி வையுங்கள். வாரம் ஒருமுறை தூசி தட்டினால் போதும்.

இன்னொரு விஷயம். 'தெற்கு ஜன்னலில்தான் வெயில், வடக்கு ஜன்னலில் வெயிலே வராது' என்று மேல்நாட்டுப் புத்தகங்களும் வீடியோக்களும் சொல்லும். அது லண்டன்காரருக்குச் சரி. லண்டன் பூமத்திய ரேகையிலிருந்து 51 டிகிரி வடக்கே இருக்கிறது. திருச்சி 11 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மத்தியானச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்து, ஆகஸ்ட் இருபதுகளில்தான் திரும்பி வருகிறது. சித்திரை, வைகாசியில் வடக்கு ஜன்னலில் காலையிலும் சாயந்திரமும் சாய்வெயில் எட்டிப் பார்க்கும். தெற்கு ஜன்னலில் வெயில் உள்ளே வருவது மார்கழி, தை மாதங்களில்தான். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் செடிக்கு வெண்பொங்கல் மாதிரி, ஒத்துக்கொள்ளும். மேற்கு ஜன்னல்? மே மாதம் மூன்று மணிக்குமேல் அது ஜன்னல் இல்லை, அடுப்பு. நாற்பது டிகிரி வெயிலில் இலை வெந்துவிடும். ஒரு மெல்லிய திரையாவது போடுங்கள்.

'குளிர்காலத்தில் செடி தூங்கும், தண்ணீரைக் குறைக்கவும்' என்றும் அந்தப் புத்தகங்களில் இருக்கும். திருச்சியில் எங்கே சார் குளிர்காலம்? இங்கே குறைக்க வேண்டிய சமயம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை, வானம் மூடிக் கிடக்கும், மண் காயாது. வரவு குறைவு, ஆகவே செலவையும் சுருக்கு. பங்குனியில் இரண்டு பக்கமும் கூடும்.

இனி செலவுப் பக்கம். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கேட்காதீர்கள். கிழமை வைத்து ஊற்ற இது விரதம் இல்லை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் கையைக் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிகிற வரை தாராளமாக ஊற்றுங்கள். அரை மணி கழித்து அடித்தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தும் பழகலாம். காய்ந்த தொட்டி லேசாக இருக்கும். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறதா? செடியை நர்சரியில் கொடுத்த ஓட்டைத் தொட்டியோடு அதற்குள் இறக்கிவையுங்கள். ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடியவிட்டுத் திரும்ப வையுங்கள்.

போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில் இலை நுனி தீய்ந்து போகும், தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை 'வீணாகப் போகிறதே' என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில்தான் உப்பு இன்னும் ஜாஸ்தி! அதைக் கக்கூஸுக்கு ஊற்றுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் அந்த உப்பு கிடையாது. வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு விடலாம்.

உரம் கடன் என்றேன் அல்லவா? நல்ல சம்பளம் வாங்குகிறவர் கொஞ்சமாகக் கடன் வாங்கினால் முன்னேறுவார். சம்பளமே இல்லாதவருக்குக் கடன் கொடுத்தால் குடும்பம் மூழ்கும். ஜன்னலோரச் செடிக்கு வளர்கிற காலத்தில் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் போட்டிருப்பதில் பாதி அளவு. மூலைச் செடிக்கும் நோயாளிச் செடிக்கும் கிடையவே கிடையாது.

ஆபீஸ் செடியின் வியாதி தனி ரகம். அது ஜாயின்ட் அக்கவுண்ட். காலையில் பியூன் ஊற்றுவார், பதினொரு மணிக்கு கேஷியர் மேடம், மத்தியானம் டிபன் பாக்ஸ் கழுவின தண்ணீரோடு அக்கவுண்டன்ட், நாலு மணிக்கு மீதி டீயோடு யாரோ ஒரு மகானுபாவர்! இத்தனை பேர் அன்பு தாங்காமல் அது செத்துப்போகும். "ஏ.சி. ஒத்துக்கலை" என்று ஏ.சி. மேல் பழி. ஏ.சி. காற்று நேரே இலையில் அடிக்காமல் தள்ளிவைத்து, ஒருத்தர் பெயரை மட்டும் தொட்டியில் எழுதி ஒட்டுங்கள். செக்கில் கையெழுத்துப் போட ஒருத்தருக்குத்தான் அதிகாரம்.

இதெல்லாம் ஏதோ புதுசாக வந்த வித்தை இல்லை. கரூர், பரமத்தி வேலூர் என்று காவிரிக் கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். வெற்றிலையும் நிழலில் வளர்கிற, கணுவில் வேர்விட்டு ஏறுகிற இலைக்கொடிதான். கொடிக்கால்காரர் என்ன செய்கிறார்? முதலில் அகத்தியை வளர்த்துவிடுகிறார். பிறகுதான் அதன் நிழலில் கொடியை நட்டு அகத்தி மேலேயே ஏற்றுகிறார். நிழல் அதிகமானால் அகத்திக் கிளையைக் கழித்து வெளிச்சத்தைக் கூட்டுகிறார். கொடி நிற்பது மேட்டுப் பாத்தியில், தண்ணீர் ஓடுவது பக்கத்து வாய்க்காலில். ஈரம் இருக்கும், தேங்காது. தேங்கினால் வாடல் நோய் வந்து கொடிக்கால் படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வெளிச்சத்தை அளந்து, பிறகு தண்ணீரை அளக்கிற இந்தக் கணக்கைப் பி.காம். படிக்காமலே போட்டிருக்கிறார்கள்.

கணக்கு என்று வந்துவிட்டால் ஆடிட்டிங் இல்லாமலா? செடி வியாபாரிகள் நம்மிடம் சொல்கிற மூன்று 'வரவு'களைச் சரிபார்ப்போம்.

ஒன்று, 'வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும், நாஸாவே சொல்லிவிட்டது!' நாஸா 1989-இல் சோதித்தது உண்மை. ஆனால் சோதித்தது காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிகளில். நம் வீட்டில் கதவிடுக்கு, ஜன்னல் என்று காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதிரிப் பல சோதனைகளை 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் திரும்ப அலசினார்கள். அந்தக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம்! அத்தனை செடி வைத்தால் நீங்கள் மாடிப்படியில்தான் படுக்க வேண்டும். ஜன்னலைத் திறங்கள்.

இரண்டு, 'ஸ்நேக் பிளான்ட் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் தரும்.' அது ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே சேமிக்கிறது, அவ்வளவுதான். ஆக்ஸிஜன் உண்டாவது பகல் வெளிச்சத்தில். நம் ஊர் மருள் இதற்கு நெருங்கின சொந்தம். அந்தக் காலத்தில் அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்திருக்கிறார்கள். அந்த வம்சத்துக்கு நாம் ஆஸ்பத்திரி உத்தியோகம் கொடுத்திருக்கிறோம்.

மூன்று, 'மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் பணம் கொட்டும்.' இதன் பூர்விகம் பசிபிக் கடலில் மோரியா என்கிற தீவு. பூப்பது மகா அபூர்வம். பூக்கச் சொல்கிற ஹார்மோனைத் தயாரிக்கும் ஜீன் அதனிடம் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். பூ இல்லை, விதை இல்லை. ஒருத்தர் ஒடித்து இன்னொருத்தருக்குக் கொடுத்தே உலகம் பூராவும் பரவியிருக்கிறது. கேட்டால் யாரும் தருவார்கள். எதற்கு சார் ராத்திரியில் காம்பவுண்டு சுவர் ஏறணும்?

விளையாட்டில்லாமல் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா, ஃபிலோடெண்ட்ரான் எல்லாமே சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கு நமநமக்குமே, அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இந்த இலைகளிலும் உண்டு. டிஃபன்பேக்கியா இதில் மோசம். கடித்தால் வாய் எரிந்து, நாக்கு வீங்கிப் பேச்சு வராமல் போகலாம். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் இவை தரையில் இருக்கக்கூடாது. குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது.

அடுத்தது டெங்கு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைப்பது நம் ஊர் வழக்கம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் குடித்தனம் வைக்கும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்கச் சுமார் ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டிக்கொண்டிருப்பது அங்கேதான். அடித்தட்டுக்கும் அதே சட்டம். மாநகராட்சி ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தால் கோபப்படாதீர்கள்.

அந்தத் தம்பி இன்னும் நின்றுகொண்டிருக்கிறான், பாவம். வேர் போய்விட்டது, தொட்டி போய்விட்டது. ஆனால் கொடியின் நுனிப்பக்கம் ஒரு சாண் பச்சையாக, கெட்டியாக இருந்தது. கணுவுக்குக் கீழே கத்தரித்து, இரண்டு கணு முங்குகிற மாதிரி பாட்டில் தண்ணீரில் வைத்துக் கொடுத்தேன்.

"இதுவும் அதே செடிதானாண்ணே?"

"உங்க அப்பா வச்சதும் யாரோ ஒடிச்சுக் கொடுத்த துண்டுதான்டா. இந்தச் செடிக்கு வேற வழியே கிடையாது."

மூன்றாம் வாரம் வெள்ளை வேர் விட்டது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கின எரு கலந்து ஒரு சின்ன ஓட்டைத் தொட்டியில் நட்டான். இடம், கிழக்கு ஜன்னல். ஏழாவது இலை விரிந்திருக்கிறது என்று போன வாரம் போட்டோ அனுப்பினான். கீழே ஒரு வரி: 'தண்ணி ஊத்தலைண்ணே. விரல் வச்சுப் பார்த்தேன், ஈரம் இருந்துச்சு.'

பிரியம் இருந்தால் முதலில் கையில் சொம்பு எடுக்கத்தான் தோன்றும். ஊற்றினால் நமக்குத் திருப்தி. அதற்கு வேண்டுமா என்று தொட்டுப் பார்ப்பதுதான் அதற்கு நாம் செய்கிற உபகாரம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லையென்றால், டி.வி. மூலையில் நிற்கிற செடியைத் தூக்கி ஜன்னலோரம் வையுங்கள். சம்பள உயர்வு என்று நினைத்துக்கொள்ளட்டும். வீட்டில் யாராவது ஒருத்தருக்காவது இந்த வருஷம் கிடைத்த மாதிரி இருக்கும்!